கொக்கு முத்திரை போட்ட பை

படத்தில் தெரியும் வாசற்படி எங்கள் வீட்டுடையது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. நிலைக்கு மேலே நகரசபை அடித்த கதவு எண் தகடு இருக்கிறது. மாவிலைத் தோரணத்தில் ஓர் இலை மடங்கியிருக்கிறது. படியில் எங்கள் வார்டு கௌன்சிலர் அனுஷா சேச்சி நிற்கிறார்; மலையாளத்தில் சேச்சி என்றால் அக்கா. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர். சேச்சியின் கையில் ஒரு நீலத் துணிப்பை. பையின் மேல் ஒரு நங்கூரம், அதற்கு இருபுறமும் இரண்டு கொக்குகள். அது ஒரு தீவு நாட்டின் அரசு முத்திரை. வெள்ளைச் சட்டைக்காரர் அந்த நாட்டின் வணிகப் பிரதிநிதி. அவர் பையைச் சுட்டிக் காட்டுகிறார். இருவரும் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புதான் பெரிய ஆதாரம் என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள்.

விஷயத்தை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். நகரத்துக் குப்பையைக் கையாள ஓர் ஆலை அமைத்துத் தருவதாக அந்தத் தீவு நாடு ஒரு யோசனை அனுப்பியிருந்தது. அதைப் பரிசீலிக்க வேண்டிய குழுவுக்குத் தலைவி அனுஷா சேச்சி. ஐப்பசி மாத நகரசபைக் கூட்டத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், அந்த நாட்டு அரசின் ஆட்கள் யாராவது உங்களைத் தனியாகச் சந்தித்தார்களா என்று கேட்டிருக்கிறார். அந்த நாட்டுக்காரர் ஒருவரைக்கூடத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று சேச்சி பதில் சொன்னார். அடுத்த வாரமே இந்தப் படம் வெளியே வந்தது. தெருவில் யாரோ போனில் எடுத்தது. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது.

எதிர்க்கட்சியினர் நகரசபை வாசலில் நீலப் பைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பைக்குள் என்ன, பைக்குள் என்ன என்று கோஷம் போட்டார்கள். சேச்சியின் கட்சிக்காரர் ஒருவர் டிவி விவாதத்தில், இது கம்ப்யூட்டர் தானாகச் செய்த பொய்ப் படம் என்றார். அதே விவாதத்தில் அதே கட்சியின் இன்னொருவர், படம் உண்மைதான், ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் கோவளத்துக்கு வந்த சுற்றுலாப் பயணி என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். நான் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். எனக்குப் புரியாமல் போனது அவர்கள் தப்பா என் தப்பா என்று தெரியவில்லை.

பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி, ஒரு டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல். நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் கொடுத்த தாம்பூலம் அது. கட்டி வைத்ததும் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

வெளிநாட்டுக்காரரை அழைத்து வந்தது என் அண்ணன் நவநீத். அவன் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். அவர்கள் அந்தத் தீவின் துறைமுகத்துக்கு ஏதோ மென்பொருள் செய்கிறார்கள். கொலு என்றால் என்ன என்று பிரதிநிதி கேட்டாராம், அண்ணன் கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். நீலப் பைகளும் அவன் வழியாக வந்தவைதான். போன வருடம் அந்தத் துறைமுகத்துக்காகக் கம்பெனியில் நடந்த ஒரு விழாவில் மீந்துபோன கட்டு. அம்மா பையைத் தூக்கிப் போடுகிறவள் இல்லை. கல்யாணப் பை, ஜவுளிக்கடைப் பை எல்லாம் எங்கள் வீட்டுக் கட்டிலடியில் ஒரு பெரிய பைக்குள் இருக்கும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அச்சடித்த பையை அம்மா அப்படியே யாருக்கும் கொடுக்க மாட்டாள். இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணப் பெயர் போட்ட பையில் நம் வீட்டுத் தாம்பூலத்தைக் கொடுத்தால் கௌரவக் குறைச்சல். அதனால் ஒவ்வொன்றையும் உள்புறம் வெளியே வரும்படி திருப்பிவிடுவாள். எழுத்து உள்ளே போய்விடும். தையல் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எங்கள் தெருவில் அநேகமாக எல்லார் வீட்டிலும் இதே பழக்கம்தான்.

படத்திலிருந்த பையில் கொக்குகள் வெளியே தெரிந்தன.

முதலில் வந்தவர் கிரீஷ். அனுஷா சேச்சியின் கட்சியில் வார்டு செயலாளர். நிலைமை என்னவென்று அவர்தான் விளக்கினார். போன நகரசபைத் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, வரப்போகிற தேர்தலில் பொது. சேச்சி மறுபடியும் நிற்க விரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை கட்சிக் கமிட்டி கூடி முடிவு செய்யும். அதற்குள் படத்துக்கு ஒரு பதில் வேண்டும், இல்லாவிட்டால் சேச்சிக்கு டிக்கெட் கிடையாது. அண்ணனை அவன் கம்பெனி எதுவும் பேசக்கூடாது என்று தடுத்துவிட்டது. அம்மா சொன்னால் அனுஷாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள் என்பார்கள். எஞ்சியது நான்.

"மீரா ஒரு நாலு வரி எழுதித் தந்தா மதி, அது போதும்," என்றார் கிரீஷ். "பை எங்க வீட்டுப் பை. அவங்க ரெண்டு பேரும் சந்திக்கவே இல்லைன்னு எழுது. நீ லா படிக்கிற குட்டியல்லே, உனக்கு எழுதத் தெரியும்."

நான் பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன். மாலையில் சட்ட வகுப்பு. இந்தப் பருவத்தில் சாட்சியச் சட்டம் நடக்கிறது. கண்ணால் கண்டதைச் சொல், இன்னொருவர் சொல்லிக் கேட்டதைச் சொல்லாதே என்பது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விஷயம். அதனால் கிரீஷ் கேட்ட நாலு வரியில் ஒரு வரி எனக்கு இடித்தது. அவர்கள் சந்திக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று பிரதிநிதி கொலுவைப் பார்த்துவிட்டு முன்னறையில் அண்ணனோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். சேச்சி உள்ளே கூடத்தில் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து, பாடச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்து மலையாளப் பிரார்த்தனைப் பாட்டு ஒன்றைப் பாடினார். இருவரும் கிளம்பியது ஏறக்குறைய ஒரே நேரத்தில். நான் இரண்டு கையிலும் இரண்டு பையுடன் வாசலுக்குப் போனேன். கொடுத்தேன். அதற்குள் அடுப்படியில் குக்கர் கூவியது, உள்ளே ஓடினேன். அதற்குப் பிறகு வாசலில் நடந்தது எனக்குத் தெரியாது.

நான் நாள்தோறும் டைரி எழுதுகிறவள். அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். சுண்டலில் உப்புக் குறைச்சல் என்று எழுதியிருக்கிறேன். மழை வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

கிரீஷிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல அவர் பார்த்தார்.

மறுநாள் மாலை வகுப்பில் செல்வின் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். பாறசாலைப் பக்கத்துப் பையன், எதிர்க்கட்சியின் இளைஞர் அணியில் இருக்கிறான். நோட்ஸ் கடன் வாங்குவதில் எங்களுக்குள் கட்சி பேதம் கிடையாது. கொலுவுக்கு வகுப்பிலிருந்து நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள், அவனும் வந்திருந்தான்.

"மீரா, ஒங்க வீட்டுப் பையெல்லாம் உள்ளு வெளியாட்டுல்லா இருக்கும்," என்றான். "எனக்குத் தந்ததும் அப்படித்தான். எங்க அம்மை பாத்துட்டு, இதத் தச்சவன் தூக்கத்துல தச்சானாலேன்னு கேட்டா. பின்ன அனுஷாவுக்க பை மட்டும் எப்படி நேரா இருக்கு?"

நான் நோட்டைப் புரட்டினேன், அவன் விடவில்லை.

"அப்ப அது ஒங்க வீட்டுப் பை இல்ல. அவரு கொண்டு வந்து குடுத்த பை. நீ வேற ஒண்ணும் சொல்லாண்டாம். எங்க வீட்டுல பையைத் திருப்பித்தான் குடுப்போம், அத மட்டும் சொல்லு. அது உண்மைதானே?"

அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைத் தனியாகச் சொன்னால் சேச்சி பொய்யராகிவிடுவார். கிரீஷ் கேட்டதைச் சொன்னால் நான் பொய்க்காரியாகிவிடுவேன். அன்று வகுப்பில் நடந்த பாடம் ஒன்றும் தலையில் ஏறவில்லை.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தது ஓரம் வெட்டிய படம். முதலில் வந்த படத்தைத் தேடி எடுத்தேன். அதில் பிரதிநிதியின் இடது கை முழுதாகத் தெரிந்தது. அந்தக் கையிலும் ஒரு பை இருந்தது. வெளிறிய நீலம். முத்திரை இல்லை. விளிம்பில் தையல் துருத்திக்கொண்டிருந்தது.

எல்லாரும் சேச்சியின் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் இந்தக் கையை யாரும் பார்க்கவில்லை. எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு நிம்மதிப்பட இதில் என்ன இருக்கிறது என்று குழம்பினேன். திருப்பிய பை ஒன்று எங்கள் வீட்டுப் பை என்றால், திருப்பாத பை யாருடையது?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"ஆமாண்டி, ஒண்ணை நான்தான் திருப்பாம வெச்சேன். அந்த மனுஷனுக்கு. அவா நாட்டு முத்திரையாக்கும் அது. அதை உள்ளே மறைச்சு அவா கையிலேயே குடுத்தா மரியாதையா இருக்குமோ?"

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். யார் கேட்டா என்றாள்.

ஆக, இரண்டு பையும் எங்கள் வீட்டுப் பைதான். கொக்கு வெளியே தெரிந்தது பிரதிநிதிக்கு என்று வைத்தது, அது சேச்சியின் கையில் இருக்கிறது. சேச்சிக்கு உரியது பிரதிநிதியின் கையில் இருக்கிறது. பை மாறியிருக்கிறது. நான் கொடுக்கும்போதே மாற்றிக் கொடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்தது, எல்லாம் என் கவனப்பிசகு. நான் சரியாகக் கொடுத்திருந்தால் அவர்கள்தான் வாசலில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பேர் பையை மாற்றிக்கொள்வார்களா? பை குற்றமற்றது என்று காட்டுகிற அதே ஆதாரம் அவர்கள் பேசிக்கொண்டார்கள் என்றும் காட்டுகிறதோ என்று தோன்றியது.

செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு பைகளைக் கட்டினேன், ஒன்று திருப்பியது, ஒன்று திருப்பாதது. அம்மாவை அனுஷா சேச்சியாக வாசலில் நிற்க வைத்தேன். ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அண்ணனைப் பிரதிநிதியாக நிற்க வைத்தேன். அடுப்படியிலிருந்து நடந்து வந்து கொடுத்தேன். முதல் தடவை சரியாகக் கொடுத்தேன். இரண்டாம் தடவை மாறிப்போயிற்று. மூன்றாம் தடவை எந்தக் கையில் எதை எடுத்தேன் என்பதை நினைத்துக்கொண்டே நடந்ததால் நடை வாசலில் தேங்காய் கீழே விழுந்தது.

"தீவு நாடு இதை வன்மையாகக் கண்டிக்கிறது," என்றான் அண்ணன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பெண்களுக்கு முதலில் கொடுப்பதுதான் வழக்கம், அதனால் வலக்கைப் பை சேச்சிக்குப் போயிருக்க வேண்டும். வலக்கையில் எந்தப் பை இருந்தது என்பதுதான் நினைவில் இல்லை. இதற்கு முன்னால் எதையெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேனோ அவற்றின் மேலும் எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் அனுஷா சேச்சி வந்தார். கட்சிக்காரர் யாரும் கூட இல்லை. பின் தெருவில் வளர்ந்தவர், எங்கள் தெருத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார். அம்மா காபி கொண்டு வந்தாள். சேச்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

நான் கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். பிரதிநிதி கையிலிருந்த பை, அம்மா திருப்பாமல் வைத்தது, நான் செய்து பார்த்தது எல்லாம். பிறகு கேட்டேன், வாசலில் நீங்கள் அவரோடு பேசினீர்களா என்று.

சேச்சி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஆள் பையைக் காட்டி என்னமோ சொன்னாரு, மீரா. நல்லா இருக்குன்னு சொல்றாராக்கும்னு நான் தேங்க்ஸ்னேன். அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அவ்வளவேயுள்ளூ. யாருன்னு அறியாது. நவநீதோட ஆபீசுக்காரருன்னு நினைச்சேன்."

"பை மாத்திண்டேளா?"

"இல்லை. நீ என் கையில தந்தது அதுதான்."

"அப்படின்னா அதைச் சொல்லிடுங்கோளேன், சேச்சி. நடந்தது அவ்வளவுதானே?"

"ஒருத்தரையும் கண்டதில்லைன்னு சபையில சொல்லியாச்சு. இனி, கண்டேன், ஆனா கண்டேன்னு தெரியாதுன்னு சொன்னா யாரு கேப்பா? எங்க ஆளுங்களே கேக்க மாட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ எழுது. நான் இப்போ சொன்னதை மட்டும் சேர்க்காதே. அவ்வளவுதான் நான் கேக்கறது. அஞ்சு வருஷம் இந்தத் தெருவுக்கு ஓடியிருக்கேன்."

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று நினைத்தேன். உண்மையாக இருந்தால் பையை மாற்றியது நான். உண்மை இல்லை என்றால் அதை நான் நம்ப விரும்புவது அவர் எனக்குச் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்ததால் இருக்கலாம். எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவர் போன பிறகு எழுதினேன். கண்டதை மட்டும் எழுதினேன். இரண்டு பைகளும் எங்கள் வீட்டுத் தாம்பூலப் பைகள். அவற்றில் இன்னின்ன பொருள்கள் இருந்தன. அச்சடித்த பைகளை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். முத்திரை வெளியே தெரிந்த பை ஒன்று வெளிநாட்டு விருந்தினருக்கு என்று வைக்கப்பட்டது. இரண்டையும் வாசலில் கொடுத்தது நான். எதை யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கு நிச்சயமில்லை, மாற்றிக் கொடுத்திருக்கலாம். அவர்கள் பேசியதை நான் பார்க்கவில்லை.

சேச்சி என்னிடம் சொன்னதைச் சேர்க்கவில்லை. அது கேட்டது, கண்டதல்ல. வகுப்பில் படித்தது எனக்கு வசதியாக உதவியது. நேர்மைக்காக அந்த விதியைப் பிடித்துக்கொண்டேனா, சேச்சிக்காகவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று யோசித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியைக் கிரீஷிடம் கொடுத்தேன். ஒரு தரப்புக்கு மட்டும் கொடுப்பது சரியில்லை என்று தோன்றியதால் செல்வினுக்கும் ஒன்று அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டுமே வெளியே வந்தன. கிரீஷ் போட்ட பதிவில், 'இரண்டு பைகளும் எங்கள் வீட்டுத் தாம்பூலப் பைகள்' என்ற வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. செல்வினின் ஆட்கள் போட்டதில், 'முத்திரை வெளியே தெரிந்த பை ஒன்று வெளிநாட்டு விருந்தினருக்கு என்று வைக்கப்பட்டது' என்ற வரி இருந்தது. அதற்குக் கீழே, அப்படியானால் அது கௌன்சிலரின் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி. நிச்சயமில்லை என்று நான் எழுதிய வரி இரண்டு பக்கத்திலும் இல்லை. செல்வினைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் எழுதாத ஒரு வார்த்தையையாவது சேர்த்திருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டான். சேர்க்கவில்லைதான்.

சாயங்காலம் கமிட்டி முடிவு தெரிந்தது. அனுஷா சேச்சிக்கு டிக்கெட் இல்லை. வார்டு பொதுவாகிவிட்டது, புதிய முகத்துக்கு வாய்ப்பு என்று காரணம் சொன்னார்கள். பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதிய முகம் கிரீஷ்.

அன்று டைரியில் நிறைய எழுதினேன். கிரீஷ் என்னிடம் வந்தபோதே அவருக்கு இந்த எண்ணம் இருந்ததா? இருந்தால் சேச்சியைக் காப்பாற்ற என்னிடம் ஏன் எழுதி வாங்க வேண்டும்? அவர் எடுத்துப் போட்ட வரி சேச்சிக்கு நல்லதுதானே? படமே வராவிட்டாலும் வார்டு அவருக்குத்தான் போயிருக்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் என்றும் இல்லை என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்தின.

கார்த்திகை பிறந்து ஓட்டுக் கேட்டு வந்தார்கள். கிரீஷ் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கட்டு நோட்டீசைப் பிடித்துக்கொண்டு அனுஷா சேச்சி. கிரீஷ் அம்மாவிடம் தெரு விளக்கைப் பற்றிப் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சேச்சி ஒரு நோட்டீசை என்னிடம் நீட்டினார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "நான் எழுதினதாலயா, சேச்சி?"

"அது நான் அறிஞ்சா உன்கிட்ட சொல்லாம இருப்பேனா," என்றார். கோபமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார், தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த சுமங்கலியை அம்மா வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். குங்குமம் கொடுத்தாள். வெற்றிலை பாக்கையும் ஒரு தேங்காயையும் எடுத்து வந்தாள். பை எடுத்து வா என்று எனக்குக் கண் காட்டினாள். கட்டிலடியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தேன். நீலம்தான்.

சேச்சி அதைப் பார்த்தார்.

"பை வேண்டாம், மாமி," என்றார்.

தேங்காயை ஒரு கையிலும், வெற்றிலை பாக்கை நோட்டீஸ் கட்டின் மேல் வைத்து இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். எதிர்ச்சாரியில் கட்சிப் பையன் ஒருவன் பிரசாரத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சேச்சி தேங்காயை மறைக்கவில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. நேராக அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் வாசலிலேயே நின்றேன். காலிப் பை என் கையில் இருந்தது. எந்தப் புறம் வெளியே இருக்கிறது என்று பார்த்தேன். தையல் உள்ளே இருந்தது, கொக்குகள் வெளியே இருந்தன. அம்மா கூப்பிடுகிறவரைக்கும், இதை நான் இப்போது திருப்பிவிட்டேனா, எடுத்தபோதே இப்படித்தான் இருந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.